போனும் பெட்டியும் ஒன்றல்ல

பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டி செய்தால் எங்கள் திருத்தணியில் பாராட்டுவார்கள். எமர்ஜென்சி விளக்கு செய்தால் பள்ளியில் பரிசே கிடைக்கும். அதே பிளைவுட், அதே சால்டரிங் அயர்ன், அதே ஒயர். ஆனால் அவன் செய்வது வீடியோ கேம் மெஷின் என்று தெரிந்த நிமிஷமே பேச்சு மாறிவிடுகிறது. "போனைப் பிடுங்கவே முடியல, இதுல வீட்டுக்குள்ளயே கேம் மெஷினா?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அந்த நேரத்துல நாலு கணக்குப் போட்டா பப்ளிக்ல மார்க்காவது வரும்" என்கிறார் டியூஷன் வாத்தியார். "ஆன்லைன்ல ரெடிமேடா வருதே, இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். மூன்று பேரும் பிள்ளைகள் மீது அக்கறை உள்ளவர்கள்தான். மூன்று பேர் சொல்வதும் தவறு. அந்தத் தவறு எங்கள் ஊரில் மட்டும் இல்லை. பத்திரிகைத் தலையங்கம், டிவி விவாதம், பெற்றோர் கூட்டம் என்று எங்கே போனாலும் இதே கருத்துதான் கேட்கிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சூட்கேஸ் அளவு. பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட். சாய்வாக ஒரு திரை, அதன் கீழே ஒரு கைப்பிடிக் குச்சி, பக்கத்தில் ஆறு பட்டன். இரண்டு பேர் ஆடுவதானால் இன்னொரு செட். மேலே தூக்கிப் போக ஒரு பிடி. வெளிநாட்டில் இதற்குள் பெரும்பாலும் ராஸ்பெரி பை வைக்கிறார்கள். 2012-இல் முப்பத்தைந்து டாலருக்கு வந்த, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். நமக்கு அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று வாங்கியவர்களுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் பிறந்துவிட்டன. லேப்டாப் பரணில் கிடக்கிறது. கீபோர்டில் பாதி எழுத்து இல்லை, கீல் உடைந்துவிட்டது, பேட்டரி செத்துவிட்டது. ஆனால் போர்டும் திரையும் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் போட்டால் எழுந்து நிற்கும். வீங்கிய பேட்டரியாக இருந்தால் குத்தாமல், வளைக்காமல் பெரியவர் ஒருவர்தான் கழற்ற வேண்டும். லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், காசு இல்லை.

என் அக்கா வீட்டில் உள்ள பெட்டி அப்படி ஒரு லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து செய்ததுதான். பழைய ஆர்கேட் போர்டுகளைப் போலவே இன்றைய கம்ப்யூட்டரை நடக்க வைக்கும் மேம் என்ற மென்பொருளை இத்தாலிக்காரரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்டார். 1980-இல் வந்த பேக்மேன் போர்டில் இருந்த இசட்-80 சிப்பின் வேகம் சுமார் மூன்று மெகாஹெர்ட்ஸ். பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு அது ஒரு வேலையே இல்லை.

இனி பக்கத்து வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். போனில் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று அவர் சொல்வது உண்மை. அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை குடும்பங்களை அநாதையாக விட்டுப் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். அதற்காகத்தான் 2022-இல் தமிழக சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை விடக் கூடாது, நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை கடையை மூட வேண்டும் என்றன. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. இதில் ஒவ்வொன்றையும் நான் வரவேற்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் செய்த வேலையைக்கூட நம் விமர்சகர்கள் செய்வதில்லை. சட்டம் பிரித்துப் பார்க்கிறது. பணம் கட்டும் ஆட்டம் தனி, மின்விளையாட்டுப் போட்டி தனி, பொழுதுபோக்காக ஆடும் ஆட்டம் தனி என்று நாடாளுமன்றச் சட்டமே வகை பிரித்துத்தான் தடை போடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. விளையாடுகிறவர்கள் எல்லோரும் நோயாளி என்று அது சொல்லவில்லை. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே பெரிதாகி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்த முடியாமல், வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது அப்படியே நீடித்தால்தான் அது நோய். அத்தனை கவனமாக எழுதப்பட்ட விளக்கத்தை மேடையில் ஏறியதும் மறந்துவிட்டு, திரையும் பட்டனும் இருக்கிற எதையும் விஷம் என்கிறார்கள்.

பணம் கட்டாத போன் ஆட்டங்களையும் எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் வந்து ஆட்டத்தைத் திறந்தால் பரிசு. ஒரு நாள் வராவிட்டால் சேர்த்தது போச்சு. உயிர் தீர்ந்துவிட்டதா, அரை மணி நேரம் காத்திரு அல்லது விளம்பரம் பார். பக்கத்து வீட்டுப் பையன் உன்னைத் தாண்டிவிட்டான் என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சத்தம். இந்த விதிகளை எழுதியவர்கள் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறார்கள். நேற்று ராத்திரி மாற்றியிருந்தாலும் நமக்குத் தெரியாது. பிள்ளைக்கும் அதில் கை கிடையாது, பெற்றோருக்கும் கிடையாது.

பெட்டியில் என்ன நடக்கிறது? பழைய ஆர்கேட் போர்டுகளில் டிப் சுவிட்ச் என்று குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு காசுக்கு எத்தனை உயிர், எத்தனை புள்ளிக்கு ஒரு உயிர் கூடுதல் என்பதையெல்லாம் அதில்தான் கடைக்காரர் வைத்தார். ஆடுகிறவன் கண்ணில் படாமல் பூட்டிய கதவுக்குள் அது இருந்தது. அந்தக் காலத்து ஆட்டங்களும் சில நிமிஷத்தில் ஆளை வெளியே தள்ளி அடுத்த காசை வாங்கத்தான் கடினமாகச் செய்யப்பட்டன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுப் பெட்டியில் காசு போடும் துளையே இல்லை. அந்தச் சுவிட்சுகள் இப்போது ஒரு மெனுவில், பெட்டியைச் செய்த பையன் கையில் இருக்கின்றன. போன ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் அக்கா வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். காவடி பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய பிள்ளைகள் எல்லாம் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மூன்று உயிர் வைத்தால் ஒருத்தனே ஆடிக்கொண்டிருப்பான் என்று சண்டை வந்தது. அக்கா மகன் மெனுவைத் திறந்து எல்லோருக்கும் ஒரே உயிர் என்று வைத்தான். அதிலும் சின்னப் பிள்ளைகள் அழுதபோது, ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டு முறை என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். ஒரு பெரியவரும் தலையிடவில்லை.

ஆட்டத்தின் விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமல் திரை முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்று மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள், ரம்மி செயலியையும் பிளைவுட் பெட்டியையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறார்கள். பெட்டி வந்த புதிதில் பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நெட் இணைப்பு இல்லாத பெட்டி யாரையும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

இந்த வெறுப்புக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது தெரியும். தொண்ணூறுகளில் திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் என்று எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. வாசலில் அழுக்குத் திரை, உள்ளே இருட்டு, ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். கேப்காம் கம்பெனி 1993-இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்ற ஆட்டத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முஸ்தபா என்றால் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் தொப்பி போட்ட அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் அடிதடி. பள்ளியைக் கட் அடித்துவிட்டு அங்கே போனவர்கள் இருந்தார்கள். அப்பா சட்டைப்பையில் கைவிட்டவர்கள் இருந்தார்கள். பெரிய பையன்கள் சிகரெட் பிடித்தார்கள். வாத்தியார் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து காதைத் திருகி இழுத்துப் போனதும் நடந்தது.

அந்த நினைவு பொய்யில்லை. எம்.ஜே. சிவானி வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் வீடியோ கேம் கடைகளுக்கு உரிமம் வேண்டும் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. மெஷினைக் கடைக்காரர் தமக்கு வேண்டியபடி திருத்திவைக்க முடியும், அப்போது ஆடுகிறவனின் திறமைக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்ற கவலை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நியாயமான கவலை. ஆனால் அது எதைப் பற்றிய கவலை என்று பாருங்கள். காசு வாங்குகிறவன் ஒருவன், ஆடுகிறவன் இன்னொருவன், நடுவில் பூட்டிய கதவு. அக்கா வீட்டுக் கூடத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், பாட்டி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்க நடக்கும் ஆட்டத்துக்கு அதில் எது பொருந்தும்? இருட்டறையைக் கெட்டது என்று சொன்ன நாம், வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது டியூஷன் வாத்தியார். அவருக்குத்தான் நான் நீண்ட பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொல்வதைத்தான் பெற்றோர் அதிகம் நம்புகிறார்கள். கணக்குப் போடும் நேரம் வீணாகிறது என்கிறார். பெட்டி செய்வதில் என்ன கணக்கு இருக்கிறது என்று அவர் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க பிளாஸ்டிக் மூடி. அடியில் மைக்ரோசுவிட்ச். அதில் மூன்று கால்: ஒன்று பொது, ஒன்று அழுத்தினால் சேர்வது, ஒன்று அழுத்தினால் பிரிவது. எந்த இரண்டு காலில் ஒயரைப் போட வேண்டும் என்று மல்டிமீட்டரை வைத்துத்தான் பையன் கண்டுபிடித்தான். பட்டனுக்கு முப்பது மில்லிமீட்டர் ஓட்டை. ஹோல்சாவை ஒரே பக்கத்திலிருந்து அழுத்தி இறக்கினால் மறுபக்கம் பிளைவுட்டின் மேல்தோல் பிய்ந்துவிடும்; பாதி ஆழம் போனதும் பலகையைத் திருப்பி, நடுத்துளையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். அழுத்தினால் சட்டென்று உட்காரும் வகைப் பட்டன் மெல்லிய தகட்டுக்குத்தான் ஆகும். பன்னிரண்டு மில்லிமீட்டர் பலகைக்கு அடியில் நட்டு போட்டு முடுக்கும் வகை வேண்டும். திரைக்குப் பின்னால் ஃபேன் காற்று வெளியே போக வழி வெட்டாவிட்டால் அரை மணியில் சூடேறி நின்றுவிடும். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

குச்சியில் அதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. அதன் அடியில் நான்கு பக்கமும் நான்கு மைக்ரோசுவிட்ச். மூலைவாட்டில் தள்ளினால் இரண்டு சுவிட்ச் ஒரே நேரத்தில் அழுந்தும். சண்டை ஆட்டங்களுக்கு அது வேண்டும். பேக்மேன் சாயலில் இலவச உரிமத்தோடு கிடைக்கும் ஓர் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தபோது, திருப்பத்தில் பொம்மை நின்று நின்று போனது. "மாமா, மேல தள்ளினா திரும்பவே மாட்டேங்குது, மூலையில மாட்டிக்குது" என்றான். புரோகிராமில் தப்பு என்று முதலில் நினைத்தான். பிறகு சுவிட்சுகளின் நிலையைத் திரையில் காட்டும் ஒரு சின்ன டெஸ்ட் புரோகிராமைப் போட்டுப் பார்த்தான். மேலே தள்ளும்போது கை சற்றே சாய்ந்து பக்கத்துச் சுவிட்சும் சேர்ந்து எரிந்தது. ஆட்டத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு திசை வந்தால் எதை எடுக்கும்? பெட்டியைக் கவிழ்த்து, குச்சியின் அடியில் உள்ள சதுரத் தகட்டை நாற்பத்தைந்து பாகை திருப்பிப் போட்டான். இப்போது மூலைவாட்டில் போகவே குச்சிக்கு இடமில்லை. ஆட்டம் சரியாகிவிட்டது. கோளாறு மரத்திலா, ஒயரிலா, புரோகிராமிலா, ஆடுகிறவன் கையிலா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் பிடிப்பது இருக்கிறதே, ஶ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பகுதியில் நிற்கிறவருக்கும், பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி நின்றுவிட்டால் ஓடி வரும் தறி மெக்கானிக்குக்கும் சோறு போடுவது அதுதான்.

ஆட்டங்களின் உள்ளே போனால் இன்னும் இருக்கிறது. தொமொஹிரோ நிஷிகாதோ 1978-இல் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் எதிரிகளைச் சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக நகரும். அந்தப் பதற்றம்தான் ஆட்டத்தின் உயிர். அது முதலில் திட்டமிட்டு வந்ததல்ல. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய அதில் இருந்த 8080 சிப்புக்கு வேலை குறைந்தது, மீதி உருவங்கள் வேகமாக ஓடின. அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். பேக்மேனில் 255 கட்டங்களைத் தாண்டி 256-ஆவது கட்டத்துக்குப் போனால் திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255; அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பூஜ்யம். பத்தாம் வகுப்பில் இரும எண்களைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்க்கவில்லை. அதே ஆட்டத்தில் நான்கு பேய்களும் நான்கு விதமாக யோசிக்கின்றன: ஒன்று நேராகத் துரத்தும், ஒன்று நாம் போகப்போகும் இடத்துக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும், ஒன்று கிட்டே வந்ததும் விலகி மூலைக்கு ஓடும், இன்னொன்று, முதல் பேய் எங்கே நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துத் தன் இலக்கை வைக்கும். தோரு இவாதானியும் அவர் குழுவும் 1980-இல் ஒரு சின்ன சிப்புக்குள் இதை எழுதினார்கள்.

"அப்படியானால் ரோபோ செய்யட்டுமே" என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். செய்யட்டும். 2016 முதல் நிதி ஆயோக் அடல் டிங்கரிங் லேப் என்று பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்துவருகிறது. பிள்ளைகள் கையால் செய்து பழக வேண்டும் என்பதில் அரசுக்கே சந்தேகமில்லை. ஆனால் அறிவியல் கண்காட்சிக்குச் செய்யும் மாடலில் ஒரு குறை இருக்கிறது. தலைமை விருந்தினர் எதிரே நிற்கும் அரை நிமிஷம் அது வேலை செய்தால் போதும். அதன் பிறகு அதை யாரும் தொடுவதில்லை. ஆட்டப் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்துப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க அடித்து, இழுத்து, முறுக்குவார்கள். ஒரு சால்டர் வலுவாக இல்லாவிட்டால் அன்றைக்கே விட்டுப்போகும், யாருடைய சால்டர் என்று கேட்பார்கள். செய்த பொருள் பிறர் கையில் உயிர் வாழ வேண்டும் என்ற கண்டிப்பைப் பதினைந்து வயதில் வேறு எது சொல்லிக்கொடுக்கும்?

கோவையின் ஜி.டி. நாயுடு இளவயதில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார் என்பதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். ஊர் சுற்றும் வண்டியை வாங்கிக் காசைக் கரைத்தார் என்று யாரும் சொல்வதில்லை. ஆசை எதன் மேல் இருக்கிறதோ அதைப் பிரித்துப் பார்ப்பவன்தான் கற்றுக்கொள்கிறான். இன்றைய பையனின் ஆசை ஆட்டத்தின் மேல் இருக்கிறது.

ரெடிமேட் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். நானூறு ஆட்டம், ஐந்நூறு ஆட்டம் என்று அட்டையில் போட்டு விற்கும் கைக்கருவிகளில் ஒரு பட்டன் போனால் மொத்தமும் குப்பைக்குப் போகிறது. திறந்து பார்க்கலாம் என்றால் உதிரி கிடைக்காது. பெட்டியில் ஒரு ஆளுக்கான குச்சி, பட்டன்கள், அவற்றை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் போர்டு எல்லாம் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் நேரில் பார்த்து வாங்கலாம். திருத்தணியிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் போய்த் திரும்ப ஒரு நாள். மைக்ரோசுவிட்ச் போனால் அதை மட்டும் சில்லறைக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டிகளின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்று மட்டும் கனமானது. வழக்கமாக அதை யாரும் சொல்வதுகூட இல்லை. பழைய ஆட்டங்களின் நிரல்களைக் கண்ட இடத்தில் இறக்கிக்கொள்கிறார்கள். பழசாகிவிட்டது என்பதற்காக அது பொதுச் சொத்து ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்துத்தான் பாதுகாக்கப்படுகிறது. பெட்டி செய்கிற பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். உரிமையாளர்களே இலவசமாக விட்ட கிரிட்லி, ராபி ரோட்டோ போன்ற சில ஆட்டங்களை மேம் குழுவினரே தருகிறார்கள். பழைய தொகுப்புகள் சில, காசு கொடுத்தால் முறையாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் எழுதப்பட்ட ஆட்டங்கள் லினக்ஸில் ஏராளம். அதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது, என் ஆசையெல்லாம் அதன் மேல்தான்: சொந்தமாக எழுதுவது.

ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. புலி ஒரு ஆட்டைத் தாண்டிக் குதித்தால் அது வெட்டு. புலிகள் நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டாம். எல்லை தாண்டி ஆந்திரத்தில் நகரி, புத்தூர்ப் பக்கம் புலி மேக்க என்று இதையே ஆடுகிறார்கள். 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்து எல்லை தனியான பிறகும் கல்யாணம் கார்த்திகைக்கு அங்கும் இங்கும் போய்வரும் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. இருபத்து மூன்று புள்ளிக்கும் எண் கொடுத்து, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று ஒரு அட்டவணை எழுதிவிட்டால் பைத்தான் நிரல்மொழியில் பாதி வேலை முடிந்தது. நகரிப் பாட்டிதான் விதியில் சந்தேகம் வந்தபோது தீர்த்துவைத்தார். அவர் சொன்னது தெலுங்கில், பையன் எழுதியது பைத்தானில். கம்ப்யூட்டரே புலியாக நின்று யோசிக்கும் பகுதி இன்னும் முடியவில்லை. எல்லா ஆட்டையும் வெட்டத் துடிக்கும் புலி சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் வீடியோ கேம் கடையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சிகரெட்டையும் கட் அடித்ததையும் சொல்வார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளைகூட நுழைய முடியவில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு தலைமுறைப் பையன்கள் குச்சியைப் பிடித்துப் பார்த்து, மெஷினைத் திறக்கும்போது எட்டிப் பார்த்து, அதன் வழியாகக் கம்ப்யூட்டரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் தங்கைகளுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை. பெட்டி கூடத்துக்கு வந்ததும் அது மாறுகிறது. புலியின் யோசனையை எழுதிக்கொண்டிருப்பது அக்கா மகள்தான், எட்டாம் வகுப்பு. இரண்டாவது ஆளுக்கான பட்டன்களுக்கு ஒயர் போட்டதும் அவள்தான். அண்ணன் போட்டதைவிடச் சுத்தமாக இருக்கிறது.

தூக்கிப் போகும்படி செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதற்காகத்தான். பிடி போட்ட பெட்டி ஒரு வீட்டில் அடைந்து கிடக்காது. நகரிக்கு பஸ்ஸில் போகும். அம்மையார்குப்பத்தில் தறி ஓடும் வீட்டுக்குப் போகும். தூக்கிப் போகும் கருவி என்ன செய்யும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுக் காட்டினார். தமிழ்நாட்டுச் சினிமா அப்படி ஒருவர் தூக்கிப்போன கருவியிலிருந்து வளர்ந்தது. கோவையில் வெரைட்டி ஹாலை அவர் 1914-இல் கட்டியதற்கு முன்னால் அந்த ஒன்பது வருஷ அலைச்சல் இருக்கிறது. சினிமா வந்தபோதும் பிள்ளைகள் கெட்டுவிடும் என்றுதான் சொன்னார்கள்.

எனவே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பள்ளியிலோ மாவட்டத்திலோ அறிவியல் கண்காட்சி நடக்கும்போது, ஆட்டப் பெட்டி கொண்டுவரும் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு மேஜை கொடுங்கள், ஒரு பிளக் பாயின்ட் கொடுங்கள், நாள் முழுக்கப் பிள்ளைகளை ஆட விடுங்கள். சாயங்காலம் நடுவர்கள் வந்ததும் பின்பலகையின் திருகுகளைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது, அது ஏன் அப்படிப் போகிறது என்று செய்தவரையே கேளுங்கள். பரிசு கொடுப்பதும் கொடுக்காததும் அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.